பிரித்துப் போடுவதும் பொறுத்திருப்பதும் தனித்தனி வேலை இல்லை

சந்தை ஆட்டம் காணும்போதெல்லாம் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வந்து நிற்கும். பணத்தை ஒரே இடத்தில் போடாதே, பிரித்துப் போடு என்பது ஒன்று. போட்டதை எடுக்காதே, பத்து இருபது வருஷம் விட்டுவிடு என்பது இன்னொன்று. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன இந்த இரண்டையும் யாரும் மறுப்பதில்லை. ஆனால் ஏனோ இவற்றைத் தனித்தனிச் சரக்காகவே விற்கிறார்கள், கேட்பவர்களும் தங்கள் குணத்துக்கு ஒத்துவருகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பொறுமைசாலி ஒரே பங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரவலாகப் போட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்குவார். இரண்டு பேருக்குமே அடி விழ வாய்ப்பு அதிகம், அதுவும் தாங்கள் சரியாகத்தான் செய்கிறோம் என்ற நினைப்போடு.

முதலில் வெறும் பொறுமையைப் பார்ப்போம். ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த அளவை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில், 34 வருஷம் கழித்து. ஏதோ ஒரு மூலையில் இருந்த சின்னச் சந்தையில் நடந்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அன்றைக்கு உலகப் பங்குகளின் மொத்த மதிப்பில் சுமார் 40 சதவீதம் ஜப்பானுடையது, உலகிலேயே பெரிய சந்தை அதுதான். 30 வயதில் அங்கே மொத்தமாகப் போட்டவர் 64 வயது வரை பொறுத்திருந்தால் போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார், இடையில் கம்பெனிகள் லாபத்தில் இருந்து பிரித்துக் கொடுத்த கொஞ்சம் ஈவுத்தொகை மட்டும் மிச்சம். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,048-ஐத் தொட்டு, 2002 அக்டோபருக்குள் 78 சதவீதம் சரிந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 ஆனது. தங்கம் மட்டும் எப்போதும் பத்திரம் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 1980 ஜனவரியில் அவுன்சுக்கு 850 டாலர் போன தங்கம் அந்த விலையை மறுபடி பார்த்தது 2008 ஜனவரியில். 28 வருஷம். அதற்குள் பணவீக்கம் தின்றதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

தனிப் பங்கு என்றால் கதை இதைவிடக் கடுமை. ஹெண்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பொதுப் பங்குகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் பார்த்தார். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, தங்கள் மொத்த ஆயுளிலும், அரசின் குறுகிய காலக் கருவூலப் பத்திரம் கொடுத்த அளவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அந்த 90 ஆண்டுகளில் சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதையும் விளக்க, மேலே இருந்த 4 சதவீத நிறுவனங்களே போதும். மீதி 96 சதவீதமும் சேர்ந்து கருவூலப் பத்திரத்துக்குச் சமமாக வந்தது, அவ்வளவுதான். அந்த 4 சதவீதத்தில் எவை இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. தெரியாததால்தான் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பரவலாகப் போடுவதை ஆபத்தைக் குறைக்கும் வழி என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். பெரிதாக வளரப்போகும் அந்தச் சிலவற்றைத் தவறவிடாமல் இருக்கும் வழியும் அதுதான், எனக்கு அந்தக் காரணமே பெரிதாகத் தெரிகிறது.

ஆக, 'நீண்ட காலம் வைத்திருந்தால் ஏறும்' என்ற வாக்கியம் பாதி உண்மை. பல நாடுகள், பல துறைகள், பலவகைச் சொத்துகள் கொண்ட கலவைக்கு அது பொருந்தும். ஒரு கம்பெனிக்குப் பொருந்தும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஒரு நாட்டுக்கேகூட முழுசாகப் பொருந்தாது. விழுந்த ஒரே பங்கைப் பிடித்துக்கொண்டு 'நான் லாங் டெர்ம்' என்று சொல்பவர் செய்வது பெரும்பாலும் நஷ்டத்தை ஒப்புக்கொள்வதைத் தள்ளிப்போடுவதுதான்.

இனி மறுபக்கம். பரவலாகப் போட்டும் பொறுக்காதவருக்கு என்ன ஆகும் என்று பார்க்க, அடுத்தடுத்த இரண்டு பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டால் போதும்.

2000 தொடக்கத்தில் இருந்து 2009 முடிவு வரை, அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு, ஈவுத்தொகையைச் சேர்த்தும், மொத்தமாகச் சுமார் 9 சதவீதம் நஷ்டம். ஒரு வருஷத்து நஷ்டம் இல்லை, பத்து வருஷத்துக்கும் சேர்த்து. அதே பத்து வருஷத்தில் வளரும் நாடுகளின் பங்குகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆயின, தங்கம் மூன்று மடங்கைத் தாண்டியது, அமெரிக்கக் கடன் பத்திரங்கள் ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் கொடுத்தன. இந்த நான்கையும் கலந்து வைத்திருந்தவருக்கு அந்தப் பத்தாண்டு பெரிய துன்பமாக இருந்திருக்காது. ஆனால் 1999-ல் அந்தக் கலவையை வைத்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1997-ல் ஆசிய நாணய நெருக்கடி, 1998-ல் ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்தது, வளரும் நாடுகள் என்றாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரம். தங்கத்தையோ பிரிட்டன் அரசே வேண்டாம் என்று சொல்லி, 1999-ல் தொடங்கி தன் இருப்பில் பாதிக்கு மேல், சுமார் 395 டன், ஏலம் விட்டது. மறுபக்கம் இணையக் கம்பெனிகளின் பங்குகள் வானத்தில். அந்த நேரத்தில் கலவையாக வைத்திருந்தவரைப் பார்த்து, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கேலி செய்யாதவர்கள் குறைவு.

சரி, 2009 முடிவில் அவர் ஜெயித்துவிட்டார். அப்போது என்ன நடந்தது? பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்த ஒரு கூட்டம் அமெரிக்கப் பங்குகளை விட்டுவிட்டு வளரும் நாடுகளுக்கும் தங்கத்துக்கும் ஓடியது. 2010 முதல் 2019 வரை எஸ் அண்ட் பி 500 ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது, வளரும் நாடுகளின் பங்குகள் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம். தங்கம் 2011-ல் 1,900 டாலரைத் தொட்டுவிட்டு 2015 கடைசியில் 1,050 டாலர் பக்கம் இறங்கிக் கிடந்தது. முந்தைய பத்தாண்டில் ஜெயித்ததை எல்லாம் வாங்கி, தோற்றதை எல்லாம் விற்றவர் இரண்டு பத்தாண்டுகளிலும் தவறான பக்கத்திலேயே நின்றிருப்பார். கலவையைக் கலைக்காதவர் இரண்டிலும் நடுவில்.

இந்த 'நடுவில்' என்பதுதான் மனசுக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். உண்மையாகவே பரவலாகப் போட்டிருந்தால் உங்கள் போர்ட்ஃபோலியோவில் எந்த நேரமும் வெட்கப்படும்படி ஏதோ ஒன்று இருக்கும். எல்லாமே ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், எல்லாமே ஒன்றாக இறங்கக்கூடியவை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சரிவு வரும்போது பயந்து ஓடுபவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ஏற்றத்தின்போது பொறாமையில் கலவையைக் கலைப்பவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, அவர்கள் பண்ணும் சேதம் குறைவானதில்லை.

பரவல் ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை 1952-ல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் எழுதினார், 1990-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு வந்தது. சுருக்கம் இதுதான்: ஒரு சொத்து தனியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, மற்றவற்றோடு சேர்ந்து ஆடுகிறதா, மாறி ஆடுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு எளிய உதாரணம். ஒரு சொத்து முதல் வருஷம் 30 சதவீதம் ஏறி, அடுத்த வருஷம் 15 சதவீதம் இறங்குகிறது. இன்னொன்று அப்படியே தலைகீழ், முதலில் 15 இறங்கி அப்புறம் 30 ஏறுகிறது. எதில் 100 போட்டாலும் இரண்டு வருஷத்தில் 110.50 ஆகும். இரண்டிலும் பாதிப் பாதி போட்டு, முதல் வருஷ முடிவில் மறுபடி சமமாக்கினால் ஒவ்வொரு வருஷமும் 7.5 சதவீதம், முடிவில் 115.56. எந்தச் சொத்தும் கூடுதலாக எதையும் தரவில்லை, ஆட்டம் குறைந்ததால் மட்டுமே வந்த மிச்சம் இது. பாதி இழந்தால் பழைய இடத்துக்கு வர இரண்டு மடங்காக வேண்டும், கால்வாசி இழந்தால் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் போதும். பெரிய பள்ளத்தில் விழாமல் இருப்பதே ஒரு லாபம். நிஜத்தில் இவ்வளவு அழகாகத் தலைகீழாக ஆடும் இரண்டு சொத்துகள் கிடைக்காது, ஆனால் கொஞ்சம் மாறி ஆடினாலே கொஞ்சம் பலன் உண்டு.

பலன் தராமல் போகும் நேரங்களும் உண்டு, அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. 2008-ல் அமெரிக்கப் பங்குகள் 37 சதவீதம் விழுந்தபோது வளரும் நாடுகளின் பங்குகள் பாதிக்கு மேல் விழுந்தன. நாடு நாடாகப் பிரித்துப் போட்டது அந்த வருஷம் உதவவில்லை, பட்ட காலிலேயே பட்டது. உதவியது அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்கள், பயந்தவர்கள் எல்லாம் அங்கே ஓடியதால் அவை ஏறின. அதை நம்பி இருந்தவர்களுக்கு 2022 வந்தது. அந்த வருஷம் எஸ் அண்ட் பி 500 சுமார் 18 சதவீதம், அமெரிக்கக் கடன் பத்திரக் குறியீடு 13 சதவீதம், இரண்டும் சேர்ந்தே இறங்கின. காரணம் புதிர் இல்லை. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஒரே வருஷத்தில் வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்து நாலரை சதவீதத்துக்கு ஏற்றியது. புதுப் பத்திரத்துக்குக் கூடுதல் வட்டி கிடைக்கும்போது பழைய பத்திரத்தின் விலை இறங்கித்தான் ஆக வேண்டும், கம்பெனிகளின் எதிர்கால லாபத்துக்கு இன்றைக்குக் கொடுக்கும் விலையும் அதே காரணத்தால் குறையும். அதாவது, கடன் பத்திரம் மந்தநிலைக்கு நல்ல துணை, பணவீக்க அதிர்ச்சிக்கு இல்லை.

இதில் இருந்து புரிவது, பிரிக்க வேண்டியது பெயர்களை இல்லை, காரணங்களை. ஐந்து மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர் உள்ளே திறந்து பார்த்தால் ஐந்திலும் அதே பத்துப் பெரிய கம்பெனிகள் இருக்கும். சம்பளம் எந்தத் துறையில் இருந்து வருகிறதோ அதே துறையில் முதலீடும் வைத்திருப்பார்கள், அதைப் பரவல் என்று நினைத்துக்கொள்வார்கள். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001-ல் திவாலாவதற்கு முந்தைய வருஷ முடிவில் அதன் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. வேலையும் போனது, சேமிப்பும் போனது, இரண்டும் ஒரே கயிற்றில் தொங்கின. உங்கள் முதலீட்டில் மந்தநிலை வந்தால் தாங்கும் ஒன்று, விலைவாசி ஏறினால் தாங்கும் ஒன்று, எல்லாம் நன்றாகப் போனால் வளரும் ஒன்று, நாளைக்கே எடுக்க முடிகிற ஒன்று என்று இருந்தால் எண்ணிக்கை நான்கே என்றாலும் போதும்.

அப்புறம், 'இப்போது நிலைமை ரொம்பக் குழப்பமாக இருக்கிறது, கொஞ்சம் தெளியட்டும், அப்புறம் போடலாம்' என்ற வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தெளிவு வந்த பிறகும் விலை அதே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும் என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. 2009 மார்ச் 9 அன்று எஸ் அண்ட் பி 500 தன் அடிமட்டமான 676-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் அமெரிக்காவில் வேலையின்மை ஏறிக்கொண்டே போய் அக்டோபரில்தான் 10 சதவீத உச்சத்தைத் தொட்டது. செய்தி நல்லதாக மாறட்டும் என்று காத்திருந்தவருக்குச் சந்தை 50 சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகுதான் அடையாளமே கிடைத்திருக்கும். 2020-ல் இன்னும் வேகம். பிப்ரவரி 19 உச்சத்தில் இருந்து மார்ச் 23-க்குள் 34 சதவீதம் சரிவு, ஆகஸ்ட் 18 அன்று பழைய உச்சம் தாண்டியாயிற்று. கோவிட் தடுப்பூசி பலன் தருகிறது என்ற முதல் பெரிய அறிவிப்பே நவம்பரில்தான் வந்தது.

பெரிய ஏற்ற நாட்களைத் தவறவிட்டால் வருமானம் பாதியாகிவிடும் என்று ஒரு வரைபடம் எல்லா விளம்பரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கொஞ்சம் ஏமாற்று வேலை. சிறந்த பத்து நாளை மட்டும் குறிபார்த்துத் தவறவிடும் துரதிருஷ்டசாலி யாரும் இல்லை, மோசமான பத்து நாளைத் தவறவிட்டால் அதைவிடப் பெரிய லாபம் என்பதையும் அந்த வரைபடம் காட்டுவதில்லை. அதில் இருக்கும் உண்மை வேறு: நல்ல நாளும் கெட்ட நாளும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. எஸ் அண்ட் பி 500-ல் 2020 மார்ச் 16 அன்று 12 சதவீத வீழ்ச்சி, எட்டு நாள் கழித்து மார்ச் 24 அன்று 9 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். 2008 அக்டோபர் 13 அன்று ஒரே நாளில் 11.6 சதவீத ஏற்றம், அதுவும் பெரும் சரிவின் நட்ட நடுவில். 2025 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்பால் இரண்டு நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்த சந்தை, 9-ம் தேதி 9.5 சதவீதம் ஏறியது. கெட்ட நாளை மட்டும் கழற்றிவிட்டு நல்ல நாளை வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு இவை பின்னிக் கிடக்கின்றன.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் ஓடுகிறோம்? டேனியல் கானிமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-ல் எழுதிய ஆய்வில் இருந்து தொடங்கி இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. இழப்பு தரும் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. இதோடு இன்னொரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கச் சந்தை 100 நாளில் ஏறத்தாழ 53 நாள் ஏறும், 47 நாள் இறங்கும். தினமும் பார்ப்பவருக்கு 53 மகிழ்ச்சி, 47 இரட்டை வலி, மொத்தத்தில் சந்தை மேலே போகும்போதும் மனசு கீழேதான் போகும். வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு நான்கில் மூன்று முறை நல்ல செய்தி. அதே முதலீடு, பார்க்கும் இடைவெளி மட்டும்தான் வேறு. ஷ்லோமோ பெனார்ட்ஸி, ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 1995-ல் இதை விரிவாக எழுதினார்கள். கைபேசியில் விலை காட்டும் செயலியை எடுத்துவிடுவது சின்ன வேலைதான், ஆனால் பெரும்பாலான நிபுணர் ஆலோசனைகளைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பார்த்தால் கை சும்மா இருக்காது, கை சும்மா இல்லாவிட்டால் செலவு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற பேராசிரியர்கள் இருவரும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளைப் பார்த்ததில், அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9.

திட்டத்தில் நிற்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரியில்லை. 60 சதவீதத்தைப் பங்குகளிலும் 40 சதவீதத்தைக் கடன் பத்திரங்களிலும் போட்டவர் ஒன்றும் செய்யாமல் விட்டு, பங்குகள் இரண்டு மடங்காகி, பத்திரங்கள் அப்படியே நின்றால், அவருடைய கலவை 75-க்கு 25 ஆகிவிடும். அவர் திட்டத்தை மாற்றவில்லை, திட்டம் தானே மாறிவிட்டது, அதுவும் சந்தை உச்சத்தில் இருக்கும்போது ஆபத்து கூடும் பக்கமாக. வருஷத்துக்கு ஒருமுறையோ, கலவை 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகும்போதோ பழைய விகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் ரீபேலன்ஸ். வளர்ந்ததை விற்று வாடியதை வாங்கச் சொல்வதால் செய்யும்போது முட்டாள்தனமாகவே தோன்றும். வரியும் கட்டணமும் இடித்தால் விற்காமல், புதிதாகப் போடும் பணத்தைக் குறைந்த பக்கத்தில் போட்டே சரிசெய்துகொள்ளலாம்.

சரிவின்போது விற்பவர்கள் எல்லாம் கோழைகள் என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காது. பயத்தில் விற்பவர்களைப் போலவே வேறு வழியில்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். மந்தநிலை வந்தால் பங்கு விழும், வேலையும் போகும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாதவரிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசி என்ன பயன். பொறுமையை மனவலிமை என்று நினைக்கிறோம், பாதிக்கு மேல் அது கையிருப்பு. அடுத்த ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் வைக்காமல் இருப்பதும், கடன் வாங்கி முதலீடு செய்யாமல் இருப்பதும் சலிப்பான விதிகள்தான். ஆனால் 2000 உச்சத்தில் போட்டவர் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் 2007-ல் தலையெடுத்து, மறுபடி முங்கி, 2013-ல்தான் நிரந்தரமாகக் கரையேறினார் என்பதைப் பார்த்தால் ஐந்து வருஷம் என்பதேகூடக் குறைச்சலான மதிப்பீடு.

எப்போது திட்டத்தை மாற்றலாம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தலைப்புச் செய்தி மாறியதற்காக மாற்ற வேண்டியதில்லை, வாழ்க்கை மாறினால் மாற்றலாம்: வருமானம் நின்றுவிட்டது, குடும்பத்தில் புதுப் பொறுப்பு வந்தது, பணம் தேவைப்படும் தேதி நெருங்கிவிட்டது. இதில் கடைசியாகச் சொன்னதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஒரு தொகையைப் போட்டு அப்படியே விட்டுவிட்டவருக்குச் சரிவு எந்த வருஷம் வந்தாலும் முடிவுத் தொகை ஒன்றுதான், பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. மாதாமாதம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆரம்பத்திலேயே சரிவு வருவது நல்லது, மலிவாக நிறைய சேரும். எடுத்துச் செலவழிக்கத் தொடங்கியவருக்கோ எல்லாம் தலைகீழ். முதல் இரண்டு மூன்று வருஷத்தில் 40 சதவீதம் விழுந்தால், செலவுக்காக அடிமட்ட விலையில் விற்க வேண்டிவரும், விற்றுப்போன பங்குகள் பின்னால் வரும் ஏற்றத்தில் கலந்துகொள்ளாது. ஆகவே எடுக்கத் தொடங்குவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பிருந்தே பங்கின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, முதல் சில வருஷச் செலவை வைப்புத்தொகையிலும் குறுகிய காலப் பத்திரங்களிலும் ஒதுக்கி வைக்கிறார்கள். அந்தக் குறைப்பையும் சந்தையைப் பார்த்துச் செய்யாமல், நாள்காட்டியைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில் செய்துவிட வேண்டும்.